நாலு வயது, ஏழு வயது: பிள்ளைகளே கைப்படச் செய்யும் சோதனைகள், சொதப்பும் இடங்கள்

முல்லைக்கொடி கேட்கிறார் (பதில் தருபவர்கள் சோதனைக்குழாய், படிகம், நீர்க்குமிழி, வெண்சங்கு என்ற புனைபெயர்களில் எழுதுகிறார்கள்):

வணக்கம். பெண்ணுக்கு நாலு வயது, பையனுக்கு ஏழு. வீட்டிலேயே செய்யக்கூடிய அறிவியல் சோதனைகளைச் சேர்ந்து செய்து பார்க்கிறோம். இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, பெரும்பாலான சோதனைகளில் எல்லா வேலையும் பெரியவர் கையில் போய்விடுகிறது. பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றிச் செய்யும் எரிமலை பொங்குகிறது, அரை நிமிடத்தில் அடங்குகிறது, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

இரண்டு, சொன்னபடி செய்தும் சில சோதனைகள் வருவதே இல்லை. மஞ்சள் தடவிய தாளில் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டால் சிவக்கும் என்றார்கள், மஞ்சளாகவே இருக்கிறது. கொதிக்கிற நீரில் உப்பைக் கரைத்து நூலைத் தொங்கவிட்டோம். ஒரு வாரம் கழித்து நூலிலும் குவளை விளிம்பிலும் வெள்ளைப் பொடி ஏறியிருந்ததே தவிர, படிகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலுக்குள் பேனா மூடியைப் போட்டு, பாட்டிலை அழுத்தினால் மூழ்கி எழும் என்றார்கள். எவ்வளவு அழுத்தியும் மிதந்துகொண்டே இருக்கிறது.

இவை ஏன் வரவில்லை, எப்படிச் சரிசெய்வது? நாலு வயதுக்காரியும் தானாகச் செய்யும்படி வேறு என்ன இருக்கிறது? அளவுகளோடு சொன்னால் நல்லது.

சோதனைக்குழாய்:

மஞ்சளில் தவறில்லை, திரவத்தில்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி காரம் (நாக்கில் உறைக்கும் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) பட்டால் செம்பழுப்பாகும். பாத்திரம் கழுவும் திரவங்கள் பல, கையை அரிக்கக் கூடாது என்பதற்காக ஏறக்குறைய நடுநிலையாகவே தயாரிக்கப்படுகின்றன. காரமே இல்லாத இடத்தில் நிறம் எப்படி மாறும்? கட்டிச் சோப்பைத் தண்ணீரில் தேய்த்து அந்த நுரைநீரைத் தொட்டு வைத்துப் பாருங்கள், உடனே சிவக்கும். மரபான கட்டிச் சோப்பின் காரத்தன்மை பி.எச். என்ற அளவையில் (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9 முதல் 10 வரை இருக்கும். கட்டியாக இருந்தாலும் "சோப்பு இல்லாத சோப்பு" என்று முகத்துக்கென விற்கப்படும் வகைகள் நடுநிலையானவை, அவற்றிலும் மாறாது. இந்த வேறுபாட்டையே விளையாட்டாக்கலாம்: வீட்டில் உள்ள ஐந்தாறு சோப்பு, ஷாம்பு, திரவங்களை வரிசையாக வைத்து, எது சிவக்கும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொட்டுப் பார்க்கட்டும்.

தாள் செய்ய: ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் குழைத்து, வழவழப்பு இல்லாத வெள்ளைத் தாளில் தூரிகையால் பூசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஒட்டாத தூளைத் தட்டிவிடுங்கள். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. எனவே திட்டுத்திட்டாக இருந்தால் கவலை வேண்டாம். தாள் ஈரமாக இருக்கும்போதே சோதித்தால் நிறம் ஊறிப் பரவிவிடும், பொறுமை வேண்டிய இடம் அது ஒன்றுதான். குழைப்பது, பூசுவது, தட்டுவது எல்லாமே நாலு வயதுக் கைக்கு ஏற்ற வேலை.

சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆனால் புதுத் தாளில் எலுமிச்சை விட்டால் ஒன்றும் நடக்காது; அமிலத்தையும் வெறும் தண்ணீரையும் மஞ்சள் பிரித்துக் காட்டாது. அதற்குச் செம்பருத்தி வேண்டும். நல்ல சிவப்புப் பூவின் இதழ்கள் ஐந்தாறை நூறு மில்லி சூடான நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். வெந்நீர் மட்டும் பெரியவர் பொறுப்பு. ஆறியதும் வெள்ளைக் கிண்ணங்களில் இரண்டு டீஸ்பூன் வீதம் ஊற்றிக் கொடுத்துவிட்டால், எலுமிச்சையில் அடர் இளஞ்சிவப்பும் ஆப்ப சோடாவில் பச்சையும் வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சங்குப்பூவும் சிவப்பு முட்டைக்கோஸும் இதே வேலையைச் செய்யும்.

இதில் பலரும் தவறுவது, சாற்றை மிக அடர்த்தியாக எடுப்பதுதான். கறுத்த சாற்றில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. குவளைக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்கு நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். சாறு அன்றைக்கே பயன்படுத்தினால் நிறம் தெளிவாக இருக்கும். மறுநாள் மங்கத் தொடங்கும்.

துணியில் மஞ்சள் பட்டால் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். குர்குமின் ஒளியில் சிதையும், கறை வெளுத்துவிடும்.

படிகம்:

உப்பு விஷயத்தில் குற்றம் உங்கள் மேல் இல்லை. நூலில் தொங்கவிட்டுப் பெரிய படிகம் வளர்க்க உப்பு பொருத்தமான பொருளே அல்ல. நூறு கிராம் தண்ணீரில் அறை வெப்பநிலையில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். கொதிநிலையிலும் 39 கிராம்தான். அதாவது சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டாலும் வெளியே வருவதற்கு அதிகம் இல்லை. தண்ணீர் ஆவியானால்தான் உப்பு பிரியும். பருத்தி நூல் கரைசலை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது, அங்கே வேகமாகக் காய்கிறது, எனவே பொடிப்பொடியாகப் படிகிறது. விளிம்பில் ஏறியதும் அதே கதைதான்.

உப்பை வைத்தே நல்லதாக ஒன்று பார்க்கலாம். தட்டையான தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு அடர் உப்புக் கரைசலை ஊற்றி, மேலே மெல்லிய தாளைப் போட்டு, யாரும் ஆட்டாத இடத்தில் நாலைந்து நாள் விடுங்கள். மெதுவாக ஆவியாகும்போது சதுரச் சதுரமான சிறு படிகங்கள் உட்காரும்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சிலவற்றின் நடுவில் படிப்படியாக இறங்கும் பள்ளம்கூடத் தெரியும். தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கரைசலைக் கலங்கலாக்கும். கல் உப்பைக் கரைத்து வடிகட்டினால் தெளிவாக இருக்கும். நாலு வயதுக்காரிக்கு இன்னும் எளிது: ஒரு மேசைக்கரண்டி உப்பை நாலு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுங்கள், கறுப்புத் தாளில் தூரிகையால் வரையட்டும். சில மணி நேரத்தில் கோடெல்லாம் வெண்படிகமாக மின்னும்.

பையனுக்குப் படிகாரம். இருபது டிகிரியில் நூறு மில்லி நீரில் 14 கிராம், ஐம்பது டிகிரியில் கிட்டத்தட்ட 37 கிராம் கரையும். வித்தியாசத்தைப் பாருங்கள்: ஆறும்போதே அள்ளிக் கொடுக்கும். 200 மில்லி நன்கு சூடான நீரில் 50 கிராம் பொடித்த படிகாரத்தைப் பெரியவர் கரைத்து, துணியில் வடிகட்டி, அதில் கால் பங்கை ஒரு தட்டில் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். மீதியைத் தாளால் மூடி வையுங்கள். காலையில் தட்டில் சின்னச் சின்னப் படிகங்கள் கிடக்கும். அவற்றில் ஒட்டுப்போடாத, தெளிவான, மூன்று நாலு மில்லிமீட்டர் உள்ள ஒன்றைப் பையனே தேர்ந்தெடுக்கட்டும். அதுதான் விதை.

விதையை மெல்லிய நைலான் நூலில் கட்டுங்கள். பருத்தி நூல் வேண்டாம், அதன் இழைகளில் எல்லாம் புதுப் படிகம் தொற்றும். முதல் நாள் மீதி வைத்த கரைசலின் அடியிலும் படிகங்கள் உட்கார்ந்திருக்கும். தெளிவான நீரை மட்டும் வேறு குவளைக்கு இறுத்து, அதில் விதை அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கட்டும். இந்த இடத்தில்தான் பலருக்கும் விதை காணாமல் போகிறது: கரைசல் இன்னும் சூடாக இருந்தாலோ, தெவிட்டாமல், அதாவது இன்னும் படிகாரம் கரைய இடம் உள்ளதாக இருந்தாலோ விதையே கரைந்துவிடும். அடியில் படிகம் உட்கார்ந்துவிட்ட, முழுக்க ஆறிய கரைசல் என்றால் அது தெவிட்டியது என்று நம்பலாம்.

மேலே இறுக்கமான மூடி போடாதீர்கள், தாள் போதும். ஜன்னலோரம், அடுப்பருகே வைக்க வேண்டாம். பகலில் சூடேறினால் பாதி கரையும், இரவில் கண்டபடி வளரும், வடிவம் கெடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவுகோலால் அளந்து தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடியில் புதுக் கூட்டம் சேர்ந்தால் கரைசலை வேறு குவளைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அவை தீனியைப் பங்கு போட்டுக்கொள்ளும். சரியாக வளர்ந்தால் எட்டு முகம் கொண்ட, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற உரு கிடைக்கும். வாயில் வைக்கக் கூடாது, கையாண்டபின் கை கழுவ வேண்டும்.

நீர்க்குமிழி:

பேனா மூடிக்கு வருகிறேன். முதலில் மூடியின் நுனியைப் பாருங்கள். குழந்தை விழுங்கினாலும் மூச்சு போகட்டும் என்று பல மூடிகளில் அங்கே ஓட்டை விட்டிருப்பார்கள். அதை அடைக்காவிட்டால் உள்ளே காற்று நிற்காது. களிமண்ணாலோ ஒட்டுநாடாவாலோ அடையுங்கள். உங்களுடையது மிதக்கிறது என்பதால் காற்று நிற்கிறது. அப்படியானால் மூடி வேண்டியதைவிட லேசாக இருக்கிறது.

பாட்டிலில் போடுமுன் ஒரு உயரமான குவளையில் எடை சரிபார்க்க வேண்டும், இதைச் செய்யாமல் விடுவதுதான் தோல்விக்கு முக்கியக் காரணம். மூடியின் திறந்த பக்கம் கீழே இருக்கும்படி, அதன் கிளிப்பில் களிமண்ணை உருட்டி ஒட்டுங்கள். தண்ணீருக்கு மேலே நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் தெரிய வேண்டும். நிறையத் தெரிந்தால் களிமண் கூட்டு, மூழ்கினால் கிள்ளி எடு. இந்தக் கூட்டல் கழித்தலைப் பிள்ளைகளே செய்யட்டும், சோதனையில் ரசமான பகுதி அதுதான். களிமண் எண்ணெய்ப் பசையுள்ள விளையாட்டுக் களிமண்ணாக இருக்கட்டும். மண் களிமண் ஊறிக் கரையும், எடை மாறிவிடும்.

பாட்டில் மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு லிட்டர். விளிம்பு வரை, வழியும் அளவுக்குத் தண்ணீர். மேலே நாலு விரல் காற்று இருந்தால் உங்கள் அழுத்தம் எல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், சின்னக் கைக்கு வலு போதாது. இறுக மூடி அழுத்துங்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மூடியாக இருந்தால் காரணமும் கண்ணில் படும்: அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நீர்மட்டம் ஏறுகிறது, அதனால் கனம் கூடி மூழ்குகிறது, கையை விட்டால் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளுகிறது, எழுகிறது. மூடி கிடைக்காவிட்டால் கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாய் போன்ற ஒன்றில் பாதி நீர் உறிஞ்சியும் செய்யலாம். மறுநாள் தானாகவே மூழ்கிக் கிடந்தால், உள்ளிருந்த காற்றில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்துவிட்டது அல்லது கசிந்துவிட்டது. எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தால் போதும்.

நாலு வயதுக்கு ஏற்றது என்றால் நான் முதலில் சொல்வது படகு. ஒரே அளவு களிமண்ணை உருண்டையாகப் போட்டால் மூழ்கும், கிண்ணமாக்கிப் போட்டால் மிதக்கும். பொருளும் எடையும் மாறவில்லை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடையாது.

அடுத்த கட்டம் அலுமினியத் தாள். 15 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய தாள்கள் ஆளுக்கு மூன்று. ஓரத்தை மடித்துப் பெட்டிப் படகு செய்து, ஒரே மாதிரியான சில்லறை நாணயங்களையோ கோலிக்குண்டுகளையோ ஒவ்வொன்றாக ஏற்றி, எத்தனையில் மூழ்குகிறது என்று எண்ண வேண்டும். மூலைகளை வெட்டக் கூடாது, மடித்துச் சொருக வேண்டும்; வெட்டினால் ஒழுகும். பாரத்தை ஒரே மூலையில் குவித்தால் சாய்ந்து நீர் ஏறும், முதல் படகு பெரும்பாலும் இப்படித்தான் முடியும். யாரும் திருத்த வேண்டாம், இரண்டாவது படகில் அவர்களே நடுவில் வைக்கப் பழகிவிடுவார்கள்.

பையனுக்கு ஒரு கேள்வி: சுவர் உயரமாக இருக்க வேண்டுமா, அடி அகலமாக இருக்க வேண்டுமா? சுவர் ஒரு சென்டிமீட்டர் என்றால் அடி 13க்கு 13, கொள்ளளவு 169 மில்லி. சுவர் இரண்டரை என்றால் அடி 10க்கு 10, கொள்ளளவு 250. சுவர் நாலு என்றால் அடி 7க்கு 7, கொள்ளளவு 196. ஆக நடுத்தர உயரம்தான் அதிகம் சுமக்கும், கணக்குப்படி கிட்டத்தட்ட கால் கிலோ. நடைமுறையில் அதற்கு முன்பே ஒரு பக்கம் சாயும். எண்ணை அவனிடம் முதலில் சொல்லாதீர்கள். மூன்று உயரங்களில் செய்து எண்ணிப் பார்த்தபின் கணக்கைக் காட்டினால் பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு என்பதும் விளங்கும்.

வெண்சங்கு:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க. பாதுகாப்பு பத்தி மட்டும் சேர்த்துடறேன், வீட்ல நாலு வயசுக் குழந்தை இருக்கறதால.

வட்டமா, சின்னதா இருக்கற பட்டன் பேட்டரி எதையும் சோதனைக்கு எடுக்காதீங்க. உணவுக்குழாய்ல சிக்கினா இரண்டு மணி நேரத்துலயே சதையை அரிச்சுடும். விழுங்கினதா சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம உடனே மருத்துவமனை. அதே மாதிரி ரொம்ப வலுவான குட்டிக் காந்தங்கள்: இரண்டு உள்ளே போனா குடலை நடுவுல வெச்சு ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். குழந்தை கை மூடறதைவிடப் பெரிய சாதாரணக் காந்தம் போதும். தண்ணில ஊறிப் பெருக்கற ஜெல்லி மணிகளும் வேண்டாம், வயித்துக்குள்ள போயும் பெருக்கும். கோலிக்குண்டும் நாணயமும் நாலு வயசுக்காரி வாய்ல போடற பழக்கம் இருந்தா பெரிய கூழாங்கல்லா மாத்திக்கோங்க.

பலூன் எட்டு வயசுக்குக் கீழ ஊதாம கையில கொடுக்க வேண்டாம், வெடிச்ச துண்டுகளை உடனே பொறுக்கிடுங்க. சோடாவும் வினிகரும் சேர்ந்த பாட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. வினிகர் சமையலுக்கான 4 அல்லது 5 சதவீதம் மட்டும். துப்புரவுக்குன்னு வர்ற அடர் வகை கண்ணுல பட்டா ஆபத்து. தண்ணித் தொட்டி விளையாட்டு முடிஞ்சதும் உடனே கொட்டிடுங்க.

முல்லைக்கொடி:

மிக்க நன்றி. பாத்திரத் திரவம் நடுநிலை என்பதும் மூடியில் ஓட்டை என்பதும் தெரியாமல் போய்விட்டது. இன்னும் ஒன்று: சோடா, வினிகரை ஒதுக்கிவிட வேண்டியதுதானா? பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கிறது. "ஏன்" என்று கேட்கும்போது நாலு வயதுக்கு எந்த அளவுக்கு விளக்குவது?

சோதனைக்குழாய்:

ஒதுக்க வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். மொத்தமாகக் கொட்டுவதால்தான் அரை நிமிடத்தில் முடிகிறது. அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவை இரண்டு மேசைக்கரண்டி செம்பருத்திச் சாற்றில் கரைத்தால் பச்சையாகும். அகலக் கிண்ணமாக எடுங்கள், கீழே ஒரு தட்டு. இனி வினிகரை ஒரு டீஸ்பூன் ஊற்றி, நுரை அடங்கும் வரை கலக்கி, அடுத்த டீஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. பச்சை மெல்ல மங்கிக் கடைசியில் இளஞ்சிவப்பாகும், அதன்பின் ஊற்றினால் பொங்காது. 5 சதவீத வினிகர் என்றால் ஏழு டீஸ்பூன் அளவில் இது நடக்கும். அடுத்து, ஒரு முழு டீஸ்பூன் சோடா போட்டால் எத்தனை கோடு வரும் என்று கேளுங்கள். பதினாலுக்கு அருகில் வரும். ஊற்றுவது அக்கா தம்பி யாராக இருந்தாலும் கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். குவித்து எடுத்த சோடா கணக்கைக் கெடுக்கும். ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். அதிலேயே அமிலம் கலந்திருக்கும், தண்ணீர் பட்டதுமே பொங்கிவிடும்.

விளக்கம் பற்றி: நாலு வயதில் காரணத்தைவிட முன்னறிவிப்பு முக்கியம். செய்யுமுன் "என்ன ஆகும்?" என்று கேட்டு, சொன்னதைப் படமாக வரையச் சொல்லுங்கள். செய்தபின் நடந்ததை அதன் பக்கத்தில் வரையட்டும். இரண்டும் ஒத்துப்போகாதபோது கேள்வி அவளிடமிருந்தே வரும். அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும்.

அப்படிப் பெரியவர்களையும் ஏமாற்றும் ஒன்று பனிக்கட்டிப் போட்டி. ஒரு தடிமனான அலுமினியப் பாத்திரத்தையும் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் ஒரு மணி நேரம் ஒரே மேசையில் கவிழ்த்து வைத்திருங்கள். தொட்டுப் பார்த்தால் அலுமினியம் சில்லென்று இருக்கும். ஒரே அச்சில் எடுத்த இரண்டு பனிக்கட்டிகளை இரண்டின் மேலும் வைத்தால் எது முதலில் உருகும்? சில்லென்று இருப்பதில் மெதுவாக உருகும் என்றே எல்லாரும் சொல்வார்கள். அலுமினியத்தில்தான் கண் முன்னே கரைந்து ஓடும். இரண்டும் ஒரே வெப்பநிலைதான். அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது. தொடும்போது நம் கையிலிருந்து எடுத்துக்கொண்டது, பனிக்கட்டிக்கு அதே வேகத்தில் கொடுத்தது. எவர்சில்வரில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. அது உலோகங்களுக்குள் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் வகை, தட்டும் மெல்லிசாக இருக்கும்.

அதே நாளில் மூன்றாவது பனிக்கட்டியைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி, நான்காவதைத் திறந்தபடி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். கம்பளி சூடு தரும், எனவே சீக்கிரம் உருகும் என்பாள் சின்னவள். அரை மணி நேரம் கழித்து அவளே பிரித்துப் பார்க்கட்டும். இடையில் அடிக்கடி பிரித்தால் வித்தியாசம் குறைந்துவிடும்.

படிகம்:

ஒரு சின்னத் திருத்தம்: மேலே "அக்கா தம்பி" என்று வந்துவிட்டது, இங்கே அண்ணன் தங்கை. பனிக்கட்டிப் போட்டிக்கு ஒரு சேர்க்கை: கட்டிகளை உறைவிப்பானிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்து, மேற்பரப்பு ஈரமானபின் தொடங்குங்கள். எடுத்த உடனே வைத்தால் அலுமினியத்தில் சில நொடி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈர விரலிலும் ஒட்டும்.